அக்காவுக்காக நான் போட்ட மனுக்கள்

நான்காவது சக்கர நாற்காலி ஒரு சரக்கு ஆட்டோவில் வந்து இறங்கியது. அதன் முதுகில் வழங்கியவரின் பெயர் சிவப்பு எழுத்தில் இருந்தது. அதற்குக் கீழே அவருடைய அப்பாவின் பெயரும், அதற்கும் கீழே 'நினைவாக' என்ற சொல்லும். ஆட்டோவுக்குப் பின்னால் ஒரு காரில் வழங்கியவரும் புகைப்படக்காரரும் வந்தார்கள். அக்கா வாசலில் நின்று வரவேற்றாள். ஏற்கெனவே மூன்று நாற்காலிகள் வீட்டில் இருப்பது வந்தவர்களுக்குத் தெரிந்தால் அவர்கள் மனம் சங்கடப்படும் என்று அவற்றைப் பின்னறைக்குத் தள்ளி, மேலே போர்வை போட்டு மூடியிருந்தாள். அத்தான் புது நாற்காலியில் உட்கார்ந்து "சரி" என்றார். படம் எடுத்தார்கள், கை தட்டினோம், கார் போயிற்று. அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "ஏலே, இன்னும் யார்ட்டயாவது கேட்டு வச்சிருக்கியா? இனி வந்தா மொட்ட மாடியிலதான் போடணும்" என்றாள்.

அந்த நான்கும் நான் எழுதிய மனுக்களுக்குக் கிடைத்த பதில்கள். ஒரு மனுவில்கூட நான் நாற்காலி கேட்கவில்லை. நான் கேட்டது ஓர் ஆள். அத்தானைத் தூக்கவும் புரட்டவும் குளிப்பாட்டவும் ஒரு மாதம் அக்காவுக்குத் துணையாக வந்து இருக்க ஓர் ஆளும், அந்த ஆளுக்குச் சம்பளமும். கொடுக்கிறவர்களுக்கு அதில் ஒரு சிரமம் இருந்திருக்கிறது என்பது இப்போது புரிகிறது. ஆளின் முதுகில் பெயர் எழுத முடியாது.

அத்தான் ஒரு நூற்பாலையில் ஃபிட்டராக இருந்தவர். ஆறடி உயரம், அதற்கேற்ற உடம்பு. ஓய்வு பெற்ற மறுவருஷம் குளியலறையில் விழுந்தார். பக்கவாதம் என்றார்கள். வலது பக்கம் முழுவதும் போயிற்று. பேச்சும் போய் 'சரி' என்ற ஒரு சொல் மட்டும் மிஞ்சியது. பசிக்கும் அதுதான், கோபத்துக்கும் அதுதான், டிவியில் சேனலை மாற்றச் சொல்வதற்கும் அதுதான். எந்தச் சரிக்கு என்ன அர்த்தம் என்று உலகத்தில் அக்கா ஒருத்திக்குத்தான் தெரியும். காலையில் பல் விளக்கிவிட்டு, முகம் மழித்து, துடைத்து, ஊட்டி, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் போட்டு, மறுபடி ஊட்டி, மறுபடி துடைத்து ஏழு வருஷம் ஓட்டியிருந்தாள். முதுகில் ஒரு புண் வந்ததில்லை. கோவில்பட்டியில் குழாயில் தண்ணீர் வரும் நாளைக் கேட்டுக்கொண்டுதான் விருந்தாளியையே கூப்பிடுவோம். அந்த ஊரில் தினம் இரண்டு படுக்கை விரிப்பு துவைத்துக் காயப்போட்ட வீடு அது. ஒரே மகள் கோயம்புத்தூரில் கைக்குழந்தையோடு இருந்தாள். வருவாள், அழுவாள், மூன்றாம் நாள் போய்விடுவாள்.

எட்டாவது வருஷம் அக்காவின் கண்ணில் புரை விழுந்தது. இரண்டு கண்ணிலும்தான், ஆனால் இடது கண்ணில் முற்றிவிட்டது என்றும் உடனே எடுத்துவிட வேண்டும் என்றும் டாக்டர் சொன்னார். எடுத்தபின் ஒரு மாதம் குனியக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது. அக்கா திரும்பி வந்து இதை என்னிடம் சொன்ன விதம் இன்னும் நினைவிருக்கிறது. "அவிய படுத்துக்கிட்டு என்னப் பாத்துக்கிட்டு இருப்பாவ. நான் உக்காந்துக்கிட்டு அவியளப் பாத்துக்கிட்டு இருப்பேன். அதுக்குக் கண்ணு நல்லாருந்தா என்ன, இல்லாட்டி என்ன?"

இந்த இடத்தில் என்னைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நான் பொருளாதாரத்தில் முதுகலை படித்தவன். அரசு அலுவலகம் ஒன்றில் முப்பத்தைந்து வருஷம் வேலை பார்த்து, கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றேன். நான் எழுதிய மனு திரும்பி வராது என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சை நானும் கொஞ்சம் பரப்பியிருக்கிறேன். மனைவி இறந்து ஒற்றையாளாக அக்கா வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளிக் குடியிருந்தேன். மத்தியானச் சாப்பாடு அக்கா கையால்தான். பன்னிரண்டரைக்குப் போவேன், கேரியரை எடுத்துக்கொள்வேன், அத்தானிடம் பத்து நிமிஷம் செய்தித்தாள் விஷயங்களைச் சொல்வேன், ஒரு மணிக்கு அவரைப் புரட்டும் நேரம் என்பதால் பன்னிரண்டு ஐம்பதுக்குக் கிளம்பிவிடுவேன். எந்த மனுவிலும் 'பராமரிப்பவரைச் சார்ந்திருப்போர் எண்ணிக்கை' என்ற கட்டத்தில் ஒன்று என்றுதான் எழுதினேன். இரண்டு என்று எழுதியிருக்க வேண்டும்.

கண் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்த அன்றைக்கே அக்கா கேட்டாள். சாம்பார்க் கிண்ணத்தைக் கேரியரில் அடுக்கிக்கொண்டே, முகத்தைப் பார்க்காமல் கேட்டாள். "நீ ஒரு மாசம் இங்கன வந்து இருந்துக்கிடுதியாலே?" நான் பதறிவிடவில்லை. உற்சாகமாகிவிட்டேன். "அதுக்கு என்னத்துக்கு நான்? கவர்மெண்ட்ல இதுக்குன்னே பணம் வச்சிருக்கான். ஆளே போட்டுருவோம். நீ பேசாம இரு" என்றேன். அவள் பேசாமல் இருந்தாள். அதன் பிறகு அந்தக் கேள்வியை அவள் கேட்கவே இல்லை. என் ஓய்வூதியத்திலிருந்து ஓர் ஆளை நானே வைத்துக் கொடுத்திருக்க முடியும். தம்பி காசு வேண்டாம் என்று அவள் ஒருதரம் சொன்னாள். அந்த ஒருதரத்தை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

உடனிருந்து பராமரிப்பவருக்கான உதவித்தொகை என்று ஒன்று இருக்கத்தான் செய்தது. மருத்துவச் சான்று, குடும்ப அட்டை, ஆதார், மூன்று கோணத்தில் புகைப்படம் எல்லாம் இணைத்து, நான்கு பக்கம் மனு எழுதினேன். அழகான மனு. மூன்று மாதம் கழித்து, மறுநாள் ஓர் அலுவலர் நேரில் பார்க்க வருகிறார் என்று தகவல் வந்தது. அங்கேதான் நாங்கள் கெட்டோம். வீட்டுக்கு ஓர் ஆபீசர் வருகிறார் என்றால் எங்கள் குடும்பத்தில் எந்தப் பெண்ணும் செய்வதைத்தான் அக்கா செய்தாள். விடியற்காலையிலேயே எழுந்து வீட்டைக் கழுவினாள். அத்தானைத் தலைக்குக் குளிப்பாட்டி, மழித்து, மீசையைக் கத்தரித்து, பவுடர் பூசி, திருநீறு இட்டு, மில் சங்கத்துக்குப் போகும்போது அவர் போடுகிற வெள்ளைச் சட்டையைப் போட்டுவிட்டாள். சாய்ந்துவிடாமல் இருக்க வீட்டு மர நாற்காலியோடு ஒரு துண்டால் இடுப்பைக் கட்டி, துண்டு தெரியாமல் சட்டையை மேலே இழுத்துவிட்டாள். நானும் சும்மா இருக்கவில்லை. ஊதுபத்தி நான்தான் ஏற்றினேன். முப்பத்தைந்து வருஷம் அரசாங்கத்தில் இருந்தவன், ஒரு நிமிஷம் யோசித்திருக்க வேண்டாமா? எனக்கும் அந்தக் காலையில் அத்தானைப் பார்க்கப் பெருமையாகத்தான் இருந்தது. வார்டு தேர்தலில் நிற்கப் போகிறவர் மாதிரி இருந்தார்.

வந்த அலுவலர் நல்ல மனிதர். அத்தானைப் பார்த்ததும் அவரே கும்பிட்டார். அய்யா சௌகரியமாக இருக்கிறீர்களா என்றார். சரி என்றார் அத்தான். நீங்களாகவே சாப்பிடுவீர்களா என்றதற்கும், கொஞ்சம் வெளியே நடந்துவிட்டு வருவீர்களா என்றதற்கும் அதே பதில்தான். மூன்றையும் அவர் எழுதிக்கொண்டார். பேச்சு போன விவரத்தை நான் குறுக்கே விழுந்து விளக்குவதற்குள் அக்கா அவருக்குக் கலர் பாட்டிலையும் தட்டு நிறையக் கடலைமிட்டாயையும் நீட்டிவிட்டாள். உங்களுக்கு இதில் என்னம்மா கஷ்டம் என்று அவர் கேட்டார்.

"ஒரு கஷ்டமும் இல்ல சார். அவிய பாட்டுக்கு இருப்பாவ. நீங்க இருந்து ஒரு வாய் சாப்பிட்டுட்டுத்தான் போவணும்."

வந்த விருந்தாளியிடம் வீட்டுக் கஷ்டத்தைச் சொல்கிற வழக்கம் அவளுக்கு இல்லை. எங்கள் அம்மா கடைசி நாளிலும் பார்க்க வந்தவர்களிடம் நல்லா இருக்கேன் என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். அலுவலர் ரசம் சாதம் வரைக்கும் இருந்து சாப்பிட்டுப் போனார். இரண்டு வாரத்தில் கடிதம் வந்தது. பயனாளி நல்ல நிலையில் காணப்படுகிறார், உடனிருப்பவர் தேவை எழவில்லை.

மேல்முறையீடு என்று ஒன்று இருக்கிறதே. அன்றைக்கே எழுதினேன். ஆனால் அடுத்த முறை ஆள் வரும்போது எல்லாம் சரியாக அமைய வேண்டும் என்று அக்காவுக்கு வகுப்பெடுத்தேன். ஒரு வாரம் மழிக்காதே, சட்டை போடாதே, விரிப்பை மாற்றாதே, கேட்டால் கண்ணைத் துடைத்துக்கொள் என்றேன். அக்கா அத்தானின் நகத்தை வெட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். "அது என்னால ஆவாதுலே. அவியளுக்கு நாக்குத்தான் இல்ல. காது இருக்கு" என்றாள். எனக்குக் கோபம் வந்தது. உன் வீம்புதான் உன் கண்ணைக் கெடுக்கப்போகிறது என்றேன். எழுபதை நெருங்குகிற வயதில், செய்த காரியங்களைவிடச் சொன்ன வார்த்தைகள்தான் அதிகம் திரும்பி வருகின்றன. அந்த வாக்கியம் வாரத்துக்கு ஒருமுறையாவது வந்துவிடும்.

அரசாங்கம் கைவிட்டால் தர்மவான்கள். கோவில்பட்டியில் அதற்குப் பஞ்சமில்லை. தீப்பெட்டி ஆலை வைத்திருக்கும் ஒரு பெரியவரைப் போய்ப் பார்த்தேன். அவர் குடும்ப அறக்கட்டளை படிப்புக்குக் கொடுக்கும், கல்யாணத்துக்குக் கொடுக்கும், கோயில் திருப்பணிக்குக் கொடுக்கும். மனைவி புருஷனைப் பார்த்துக்கொள்வதற்குக் கொடுக்குமா என்று கேட்டேன். அவர் என் மனுவை முழுவதும் படித்தார். மரியாதையான மனிதர். "அண்ணாச்சி, பொண்டாட்டி பாத்துக்கிடுததுக்கு நாம துட்டு குடுத்தா, நாளைக்கு எங்க வீட்லயும் கேப்பாவளே" என்று சிரித்தார். பிறகு, வெறுங்கையோடு அனுப்ப மனமில்லாமல், ஒரு நாற்காலி அனுப்புகிறேன் என்றார். அதுதான் முதல் நாற்காலி. அதற்குப் பின் ஒரு சங்கம், ஒரு கடை, ஒரு வெளிநாட்டுவாழ் உறவினர் என்று மற்ற மூன்றும் வந்தன. அத்தானுக்கு இரண்டு கால். அதில் ஒன்று வேலை செய்யாது. சக்கரம் மட்டும் மொத்தம் பதினாறு.

அதன் பிறகு வெளியூர் நிறுவனம் ஒன்று இப்படிப்பட்ட காரியங்களுக்கே நிதி தருகிறது என்று கம்ப்யூட்டரில் கண்டுபிடித்தேன். ஆனால் தனி ஆளுக்குத் தரமாட்டார்கள், பதிவு பெற்ற சங்கத்துக்குத்தான் தருவார்கள். உடனே ஒரு சங்கம் ஆரம்பித்தேன். வட்டார இல்லப் பராமரிப்பாளர் நலச் சங்கம் என்று பெயர். எனக்குத் தெரிந்த ஏழு வீடுகளில் அக்காவையும் சேர்த்து ஏழு பெண்கள் இப்படி மாமியாரையோ புருஷனையோ நடக்க முடியாத பிள்ளையையோ பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏழு பேரையும் உறுப்பினராக்கி, முதல் கூட்டத்துக்கு அழைப்பு அனுப்பினேன். ஒருத்தியும் வரவில்லை. எப்படி வருவாள், விட்டுவிட்டு வர முடிந்தால் அவளுக்குச் சங்கம் எதற்கு? அவர்களுக்குப் பதிலாக அவர்கள் வீட்டு ஆண்கள் வந்தார்கள். ஆறு ஆண்கள். காராச்சேவும் காப்பியும் சாப்பிட்டார்கள். மழை பெய்யாததைப் பற்றியும் பருத்தி விலையைப் பற்றியும் இரண்டு மணி நேரம் பேசினார்கள். என்னைத் தலைவராக ஒருமனதாகத் தேர்ந்தெடுத்தார்கள். ஒருவர் நன்றியுரையில், இந்தப் பெண்களின் பாரத்தைக் குறைக்க ஆண்கள் ஒன்று கூடியிருப்பது வரலாற்றில் இதுவே முதல் முறை என்றார். பேசி முடித்துவிட்டு, வீட்டில் சாப்பாடு ஆறிவிடும் என்று சீக்கிரம் போய்விட்டார். நான் அன்றைக்கு மனநிறைவோடு தூங்கினேன்.

நிறுவனத்தின் விண்ணப்பம் பன்னிரண்டு பக்கம். பயனாளிகளிடம் நேரில் கேட்டு நிரப்ப வேண்டிய கேள்விகளும் அதில் இருந்தன. அக்காவிடம் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தமிழில் கேட்டேன். ஒரு நாளில் ஓய்வுக்கென ஒதுக்கும் நேரம் எவ்வளவு என்பது ஒரு கேள்வி. நீ வந்து பேப்பர் வாசிக்கிற பத்து நிமிஷம் என்றாள். அதையும் எழுதிக்கொண்டேன். நிதி முடிந்த மூன்றாண்டுகளுக்குப் பிறகு இந்தப் பணி எவ்வாறு தொடரும் என்பது கடைசிக் கேள்வி. "நான் இருந்தா நான் செய்வேன். நான் இல்லன்னா யாரு செய்வாவன்னு துட்டு குடுக்குதவியதான் சொல்லணும்" என்றாள். விண்ணப்பம் போயிற்று. பரிசீலனையில் உள்ளது என்று மாதம் ஒரு பதில் வந்துகொண்டிருந்தது. அந்தப் பதில்களை எல்லாம் தேதி வாரியாகக் கோப்பில் கோத்தேன்.

இப்படியே ஒன்றரை வருஷம் போயிருந்தது. ஒரு நாள் நான் போனபோது அத்தானுக்குப் பாதி மீசைதான் இருந்தது. மழிக்கும்போது கண் தெரியாமல் வழித்துவிட்டாள். முறுக்கு மீசைக்காரர். கண்ணாடியில் பார்த்துவிட்டு ஒரு "சரி" சொன்னார், அதற்கு அர்த்தம் எனக்கே தெரிந்தது. நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அக்காவும் சிரித்தாள். பொருத்தமாக இருக்கட்டும் என்று மறுபாதியையும் எடுத்துவிட்டாள். இதை நான் தெருவெல்லாம் சொல்லிச் சிரிக்க வைத்தேன். அதற்குப் பத்து நாள் கழித்து அவள் காலை மாத்திரைக்குப் பதிலாக இராத்திரி மாத்திரைகளைக் கொடுத்துவிட்டாள். அத்தான் சாயங்காலம் வரை கண் திறக்கவில்லை. டாக்டர் வந்து பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று சொல்லிப் போனபின் அக்கா மாத்திரைப் பட்டைகளைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். அன்றைக்கு அவள் சிரிக்கவில்லை. நான் அடுத்து எழுதப்போகும் நினைவூட்டல் கடிதத்தைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன்.

"போதும்லே" என்றாள். "திங்கக்கிழம கண் ஆஸ்பத்திரி பஸ் வருதாம். முகாம்ல எழுதிக் குடுத்துட்டேன். நான் ஏறிப் போறேன். நீ வந்தாலும் சரி, வராட்டாலும் சரி. கதவு தொறந்துதான் கெடக்கும்."

திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு நான் போய்விட்டேன். பஸ்ஸில் ஏறுவதற்கு முன் அவள் எல்லாவற்றையும் சொல்லச் சொல்ல நான் அலுவலகப் பாணியில் எழுதிக்கொண்டேன். அ. பானம். ஆ. ஆகாரம். இ. கழிவு. 'இ'க்கு மட்டும் ஒன்பது உட்பிரிவு வந்தது. முதல் நாள் 'அ'வோடு தீர்ந்தது. கஞ்சியை ஊட்டினேன், அதில் பாதி அவர் நெஞ்சில் போயிற்று. மத்தியானம் நாற்காலியிலிருந்து கட்டிலுக்கு மாற்ற வேண்டும். அக்குளில் கை கொடுத்து, ஒன்று இரண்டு மூன்று என்று அவள் சொல்லிக் கொடுத்தபடியே தூக்கினேன். மூன்றுக்கு அப்புறம் என்ன செய்வது என்று அவள் சொல்லியிருந்தாள், நான் எழுதிக்கொள்ளவில்லை. இரண்டு பேரும் மெதுவாக, ஒருவரை ஒருவர் கட்டிப் பிடித்தபடியே தரைக்கு வந்து சேர்ந்தோம். அவருக்கு அடியில் நான் இருந்ததால் அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. என் இடுப்பு பிடித்துக்கொண்டது. எழுந்திருக்க முடியாமல் பக்கத்தில் பக்கத்தில் படுத்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவருக்குப் பெண் பார்க்க வந்த நாளிலிருந்து எனக்கு அவரைத் தெரியும். அவ்வளவு நேரம் அவர் பக்கத்தில் நான் இருந்தது அன்றைக்குத்தான். கொஞ்ச நேரம் கழித்து அவர் என்னைத் திரும்பிப் பார்த்து "சரி" என்றார். அது எந்தச் சரி என்று எனக்குத் தெரியவில்லை. அக்கா இருந்திருந்தால் சொல்லியிருப்பாள்.

இடைசெவலிலிருந்து மோட்டார் சைக்கிளில் பால் கொண்டுவருகிறவர் மூன்று மணிக்கு வந்து எங்கள் இருவரையும் பார்த்தார். ஆட்டுக் குட்டியைத் தூக்குவதுபோல் அத்தானைத் தூக்கிக் கட்டிலில் போட்டார். பிறகு என்னையும் தூக்கி உட்கார வைத்தார். "சாரு, ஒங்க அக்கா இத ஒத்தையிலயா செய்யுதாவ?" என்று கேட்டார். ஏழு வருஷமாக அந்த வீட்டுக்குப் பால் ஊற்றுகிறவர். அவருக்கும் அன்றைக்குத்தான் அது தோன்றியிருக்கிறது.

புதன்கிழமை பத்து மணிக்குக் கதவு தட்டும் சத்தம் கேட்டது. வாசலில் கையில் கோப்போடு ஓர் இளம்பெண் நின்றாள். மேல்முறையீட்டுக்காக நேரில் பார்க்க வந்த அலுவலர். ஒன்றேகால் வருஷத்துக்கு முன்பு நான் போட்ட மனு, எனக்கே மறந்துபோயிருந்தது. உள்ளே கூப்பிட்டேன். கூப்பிடாமல் எப்படி இருப்பது? அத்தான் மூன்று நாள் தாடியோடு கட்டிலில் கோணலாகக் கிடந்தார். நெஞ்சில் உப்புமா. வேட்டி எல்லாம் நனைந்துவிட்டதால் அக்காவின் பழைய சேலை ஒன்றைச் சுற்றிவிட்டிருந்தேன். நான்கு நாற்காலிகளிலும் ஈர விரிப்புகள் தொங்கின. நாற்றத்தைப் பற்றி எழுத வேண்டாம். நானும் மூன்று நாள் தாடியோடு, இடுப்பில் தைலத் துணியைக் கட்டிக்கொண்டு, சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்து வந்தேன்.

அந்தப் பெண் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "இதுல பயனாளி யாரு சார்?" என்றாள்.

அவர்தான் என்றேன். அப்படியானால் பராமரிக்கிறவர் யார் என்றாள். நான் என்றேன். பொய் சொல்லவில்லை, அந்த வாரத்துக்கு அது உண்மை. பிறகு அவள் எதுவும் கேட்கவில்லை. நின்றபடியே வேகமாக எழுதினாள். அக்காவின் பழக்கத்தை நினைத்துக் கலர் வாங்கி வரவா என்று கேட்டேன். வேண்டாம் சார், நீங்க உக்காருங்க, விழுந்துறப் போறீங்க என்று சொல்லிவிட்டுப் போனாள். என் வாழ்க்கையில் இவ்வளவு சீக்கிரம் தீர்ந்த கோப்பு வேறில்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் அக்கா கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தாள். வாசல்படியிலேயே மூக்கைச் சுளித்தாள். வலது கண்ணில் லென்ஸ் வைத்தாகிவிட்டது, ஆறு வாரத்தில் கண்ணாடி தருவார்கள் என்றாள். இடது கண்ணுக்கு எப்போது என்று கேட்டேன். "அது இனிமே இல்லையாம். ரொம்ப முத்தி, உள்ள அழுத்தம் கூடி, நரம்பு செத்துப்போச்சாம். முன்னாலயே வந்திருக்கணும்னாவ" என்றாள். காய்கறி விலை சொல்லுகிற குரலில் சொன்னாள். கொஞ்ச நாளாகத் தலைவலி என்று தைலம் தேய்த்துக்கொண்டிருந்தது அதனால்தானாம். பிறகு அத்தானின் முகத்தை நன்றாக இருந்த அந்த ஒற்றைக் கண்ணால் உற்றுப் பார்த்துவிட்டு, இந்தக் கோலத்திலா இவரை வைத்திருந்தாய் என்று என்னைத் திட்டினாள். கண்ணைப் பற்றித் திட்டவில்லை. இன்றுவரை திட்டவில்லை.

ஒரு மாதமும் நான் அங்கேயே இருந்தேன். அவள் நாற்காலியில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல, பழகினேன். மூன்றுக்கு அப்புறம் என்ன செய்ய வேண்டும் என்று இப்போது எனக்குத் தெரியும். முழங்காலை அவர் முழங்காலுக்கு முட்டுக் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான். இதைக் கற்றுக்கொள்ள ஒருவனுக்கு ஒரு வாரம் போதும். நான் ஒன்றரை வருஷம் மனு எழுதினேன்.

கண்ணாடி வருவதற்கு முன்பே கடிதம் வந்துவிட்டது. உதவித்தொகை அனுமதிக்கப்பட்டிருந்தது. அக்கா உறையைப் பிரித்து என்னிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னாள். நான் முதலில் மனதுக்குள் வாசித்தேன். 'பயனாளி போதிய கவனிப்பின்றி, சுகாதாரமற்ற நிலையில் காணப்பட்டார். பராமரிப்பவர் அதற்கான உடல் தகுதியோ அனுபவமோ இல்லாதவர். எனவே பரிந்துரைக்கப்படுகிறது.' அதில் ஒரு சொல்லும் தப்பில்லை. ஆனால் எட்டு வருஷம் ஒரு புண் வராமல் பார்த்துக்கொண்ட பெண் முன்னால் உட்கார்ந்திருந்தாள். கடிதத்தைக் கண்ணுக்கு நேரே பிடித்துக்கொண்டு, அதில் இல்லாததை வாசித்தேன். பயனாளியின் துணைவியார் பல ஆண்டுகளாக அயராது ஆற்றிவரும் பணியைக் கருதி இத்தொகை வழங்கப்படுகிறது என்றேன். மனு எழுதிப் பழகிய நாக்குக்கு அது கஷ்டமாக இல்லை.

இன்னொரு தரம் வாசி, அவியளுக்கும் கேக்கட்டும் என்று அத்தான் பக்கத்தில் அக்கா என்னை உட்கார வைத்தாள். நான் இன்னும் உரக்க, இன்னும் நன்றாக வாசித்தேன்.

"மொதல்ல அயராதுன்னு வாசிச்ச" என்றாள். "இப்ப ஒப்பற்ற சேவைங்குத. ஒரே கடுதாசி எப்படிலே ரெண்டு மாதிரி இருக்கும்?"

நான் கடிதத்தை மடித்தேன். அந்த அலுவலர் பெண் என்றைக்கு வந்தாள் என்றும், எதைப் பார்த்துவிட்டுப் போனாள் என்றும் பால்காரர் அக்காவிடம் முன்பே சொல்லியிருந்திருக்கிறார். எனக்குத்தான் தெரியவில்லை. நான் மனதில் இருந்ததை எல்லாம் சொல்ல ஆரம்பித்தேன். நீ கேட்ட அன்றைக்கே நான் வந்திருந்தால் உன் கண்ணும் தப்பியிருக்கும், இந்தப் பணமும் அப்போதே கிடைத்திருக்கும் என்றேன். மன்னிப்பு என்ற சொல்லை அதற்கு முன்பு நான் மனுக்களில் மட்டும்தான் எழுதியிருந்தேன், காலதாமதத்துக்காக. இதுவும் அதற்குத்தான். அக்கா கையை நீட்டி நிறுத்தினாள்.

"அந்தத் துட்டுல காலையில வந்து தூக்கிவிட ஒரு ஆள வச்சுக்கிடுதேன். செவ்வாக்கெழம மட்டும் நீ வா. அன்னைக்கு ஒருநா எனக்கு இவியளத் தெரியாது, உன்னயத் தெரியாது."

செவ்வாய்க்கிழமை போனேன். தண்ணீர் வருகிற நாள்கூட இல்லை. பத்து மணிக்கு அக்கா உள்ளறையில் பாயை விரித்து, பதினொன்றுக்கு எழுப்பிவிடு என்று சொல்லிப் படுத்தாள். நான் எழுப்பவில்லை. அத்தானுக்குக் கஞ்சி ஊட்டினேன், புரட்டினேன், ஒன்றரை மணிக்கு மாற்றினேன், மூன்றரைக்கு மறுபடி மாற்றினேன். உள்ளே அவள் குறட்டை விடுவது கேட்டது. அவள் குறட்டை விடுவாள் என்பதே எனக்குத் தெரியாது. அத்தானும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். சத்தம் கேட்டு அவள் விழித்துவிடக்கூடாது என்று அத்தான் அன்று முழுக்க அந்த ஒரு சொல்லைக்கூடச் சொல்லவில்லை.

ஐந்தரை மணிக்கு அவள் எழுந்து வந்தாள். கன்னத்தில் பாயின் கோடுகள் பதிந்திருந்தன. வாசலில் வெயில் சாய்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, ஏன்லே என்னை எழுப்பவில்லை, சாயங்காலம் ஆகிவிட்டதே, வேலை எல்லாம் கிடக்கிறதே என்று சத்தம் போட்டாள். அத்தானின் முதுகைத் தொட்டுப் பார்த்தாள். விரிப்பைத் தொட்டுப் பார்த்தாள். காய்ந்துதான் இருந்தது. அடுக்களைக்குப் போய்க் காப்பிக்குப் பாலை வைத்தாள்.

டம்ளரை என் கையில் கொடுக்கும்போது, "அடுத்த செவ்வாக்கெழமயும் எழுப்பாத" என்றாள்.